மந்திரித்த திரியும் மோட்டார் மெழுகும்

மோட்டார் காருக்குப் பூசும் மெழுகின் வாடை எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். யாராவது வண்டியைப் பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். பார்க்கிறவர்கள் என்னைப் பொறாமைக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நாற்றத்தில் சோறு தின்றவள் நான்.

கண்டியில் மகியாவைப் பக்கம், கட்டுகஸ்தோட்டை ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு தேயிலைக் கம்பெனியில் பெரிய கிளாக்கர். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன பழைய பச்சை மோட்டார் காரை இவர் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கச் சொல்லி நச்சரித்தது நான்தான். காரணம் என் தங்கை.

தங்கை மடுல்கெல்லத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் ஏற்றி வத்தேகமைக்கு இறங்குவதற்குள் பிள்ளை செத்துப்போயிற்று. அவள் பிழைத்ததே மாதாவின் புண்ணியம். மறுபடி அவள் உண்டானபோது கண்டி ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், வலி வருவதற்கு முன்பே இவளைக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள், மலையில் விட்டுவைக்காதீர்கள் என்று. அம்மா இல்லாத பிள்ளை, என் வீட்டைவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது? ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தானே காரில் வந்து கூட்டிப்போவதாகக் கோயில் வாசலில் வைத்து இவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காகத்தான் அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது.

வந்த அன்றைக்கே ஒரு காகம் பானெட்டின்மேல் எச்சமிட்டது. அதைத் துடைத்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறல். அவ்வளவுதான், இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கம்பெனியில் இன்னொருவர் கொழும்பிலிருந்து புதுக் கார் கொண்டுவந்திருந்தார். புது மாதிரி, காற்றால் அடித்த பெயிண்ட், முகம் பார்க்கலாம். எங்கள் வண்டியோ குதிரை வண்டிக் காலத்து மாதிரி பிரஷ்ஷால் பூசி, மேலே வார்னிஷ் கொடுத்தது. பச்சைத் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் அதற்கென்று ஒரு லட்சணம் இருக்கும். ஆனால் இவருக்குக் கொழும்புப் பளபளப்பு வேண்டியிருந்தது.

டவுனில் சீமைச் சாமான் விற்கும் கடைக்குப் போய் விதவிதமான பாலிஷ் வாங்கிவந்தார். தட்டை டப்பாவில் ஒன்று, போத்தலில் ஒன்று, சாக்லேட் மாதிரி கடதாசியில் சுற்றிய கட்டி ஒன்று. போத்தலைத் திறந்தால் அழுகிய வாழைப்பழ நாற்றம். டப்பாவைத் திறந்தால் பூனை மூத்திர வாடை. ஒவ்வொன்றின் மேலும், எந்தப் பெயிண்டுக்கு எது என்று அச்சடித்திருந்தது. மணல் போல் நறநறவென்று தேய்க்கும் பசை புதுப் பெயிண்டுக்கு மட்டும்தான், வார்னிஷ் வண்டிக்கு ஆகாது என்று அதிலேயே கண்டிருந்தது. இவர் இங்கிலீஷ் படித்தவர், வாசிக்கத் தெரியாமல் இல்லை. "நம்ம வண்டி புது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பசையைத்தான் எடுத்தார். பழைய வண்டி என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள அந்த மனுஷனுக்கு மனம் வரவில்லை. தேய்த்த துணி பச்சையாக வந்தது. அழுக்கு வருகிறதாம். அழுக்கா வந்தது? வார்னிஷோடு பெயிண்ட் அல்லவா வந்தது!

ஒன்பதாம் மாதமும் பிறந்தது. முதல் ஞாயிறு போய்க் கூட்டிவருவோம் என்றேன். பாலிஷ் பாதியில் நிற்கிறது, இப்படியே எடுத்தால் தூசி ஒட்டும் என்றார். அடுத்த ஞாயிறு கேட்டேன். மலை ஏறும் வழியில் பன்விலைக்கு மேலே ரோடு சேறாகக் கிடக்கிறது, மெழுகு பூசாமல் போனால் செம்மண் பெயிண்டுக்குள் இறங்கிவிடும் என்றார். ஐப்பசி மழை அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. தங்கைக்கு நாள் ஏறுகிற கணக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவர் மட்கார்டில் தன் மூக்கு தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யாரோ பங்களா டிரைவர் சொன்னாராம், தேங்காயெண்ணெய் தடவினால் பழைய வண்டியும் மினுங்கும் என்று. தடவினார். மினுங்கியது, பொய் சொல்லக் கூடாது. ரோட்டுத் தூசி முழுவதும் வந்து அதில் குடியேறியது. எறும்பு சாரை சாரையாக ஏறியது. பக்கத்து வீட்டு நாய் வந்து கதவை நக்கிவிட்டுப் போனது. அந்த எச்சிலைப் பார்த்துவிட்டு என்னால் அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. இவரோ நாயைத் திட்டிக்கொண்டே சோப்பைப் போட்டு எண்ணெயை வழித்தெடுத்து, அந்தக் கையோடு வந்து சோற்றில் உட்கார்ந்தார்.

பிறகு மெழுகு. கடை மெழுகு கலப்படம், சுத்தத் தேன்மெழுகை டர்பன்டைனில் உருக்கிப் பூசினால்தான் நிற்கும் என்று எதிலோ வாசித்தார். ஒருநாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால் குசினியில் என் பால் சட்டி அடுப்பில் இருக்கிறது, டர்பன்டைன் வாடை கண்ணைக் கரிக்கிறது. சட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. புழு என்று நினைத்தேன். கரண்டியால் எடுத்துப் பார்த்தால் திரிநூல்.

அலுமாரியைப் போய்த் திறந்தேன். மெழுகுதிரித் திருநாளில் சுவாமியார் மந்திரித்துத் தந்த திரிகளை அங்கேதான் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பேன். இடி மின்னலுக்கு ஒன்று ஏற்றுவோம், சாகக் கிடப்பவர் கையில் ஒன்று பிடிப்போம், பிள்ளைப்பேறு கடுமையானால் தலைமாட்டில் ஒன்று ஏற்றி வைப்போம். தங்கைக்கென்று நல்ல கனத்த திரியாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். துணி மட்டும் மடித்தபடி இருந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அந்த மனுஷன் கொஞ்சமும் கூசவில்லை.

"மந்திரிச்ச மெழுகுதானே, வண்டிக்கும் நல்லதுதான். அந்தக் காருலதானே உன் தங்கச்சி வரப்போறா?"

சீ என்று ஆகிவிட்டது. திட்டினால்கூட அவருக்கு ஒரு மரியாதை கொடுத்ததாக ஆகுமே என்று சட்டியோடு உள்ளே வந்துவிட்டேன். அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு நான் பால் காய்ச்சவில்லை. ஆனால் வாடை வீட்டை விட்டுப் போகவில்லை. சோற்றில் டர்பன்டைன், குழம்பில் டர்பன்டைன், தலையணையில் டர்பன்டைன்.

அந்த மெழுகாவது பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. மழைக் குளிரில் அது காயவே மாட்டேன் என்றது. தேமல் விழுந்த முதுகு மாதிரி வண்டி முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்து, தொட்டால் விரல் ஒட்டியது. இந்தக் கோலத்தில் ரோட்டில் எடுத்தால் கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள் என்று சனிக்கிழமை முழுக்க உர்ரென்று இருந்தார். சாயந்திரம் ஒரு ரப்பர் குழாயைப் பெட்ரோல் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சினார். வாய்க்குள் வந்ததை என் கறிவேப்பிலைக் கன்றின்மேல் துப்பினார். வாளியில் பிடித்த பெட்ரோலில் துணியை முக்கி முக்கி மெழுகைத் துடைத்தார். எவ்வளவு எடுக்கிறீர்கள், நாளைக்கு மடுல்கெல்லைக்குப் போக வேண்டுமே என்று ஜன்னலில் நின்று கேட்டேன். நாளைக்கு எங்கே போவது, வண்டி இருக்கிற இருப்பைப் பார்த்தாயா என்றார்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை கண்டு வந்து வாசலில் கால் வைத்தேன், வத்தேகமையிலிருந்து வரும் பஸ் எங்கள் வீட்டுக்கு நேரே நின்றது. அதிலிருந்து தங்கையின் கொழுந்தன் இறங்கினார். நடுராத்திரியிலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டதாம். வத்தேகமை வரைக்கும் ஓட்டமும் நடையுமாக இறங்கி, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். "அண்ணன் உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. மருத்துவச்சி பயப்படுறா" என்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் காரைப் பார்த்தார். தாங்கியில் பெட்ரோல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் விற்கிறவன் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருப்பான், வீட்டில் போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். சரி, ஓடுங்கள் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி வந்தார். தொப்பியை எடுக்க வருகிறார் என்று நினைத்தேன். ஒரு துணியை என் கையில் கொடுத்தார்.

"நான் பெட்ரோலோட வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் துடைச்சு வை. பெரிய ரோட்டு வழியாப் போகணும்ல."

அந்தத் துணி என் பழைய வாயில் சேலையின் முந்தானை. பெட்ரோலும் மெழுகும் பிசுபிசுக்க, ஏதோ செத்ததைக் கையில் வைத்த மாதிரி இருந்தது. அதை அவர் காலடியில் போட்டுவிட்டு ரோட்டுக்கு இறங்கினேன். கொழுந்தன் என் பின்னால் வந்தார்.

டவுனுக்குப் போன அதே பஸ் திரும்பி வந்தது. பஸ்காரர் வழியில் இருக்கிற மடவளை ஊர்க்காரர், சந்தை நாட்களில் என் மரக்கறிக் கூடையை ஏற்றி இறக்கித் தருகிற மனுஷர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பஸ்ஸில் வரும்போது கொழுந்தன் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார். நான் வாய் திறப்பதற்கு முன்பே கதவைத் தள்ளிவிட்டார்.

"ஏறுங்க தங்கச்சி. பஸ் ஊத்தைதான், பார்க்க வேணாம்."

ஊத்தைதான். கருவாட்டு மூட்டை, பலாக்காய்ப் பால், யாரோ ஏற்றிய ஆட்டின் புழுக்கை. சீட்டெல்லாம் வெற்றிலை எச்சில் தெறித்துக் காய்ந்து கிடந்தது. பஸ்ஸின் வெளியே என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, சேற்றின் நிறம்தான் அதன் நிறம். வேறு நாளாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பேன். அன்றைக்கு டர்பன்டைன் இல்லாத காற்றை இழுத்து மூச்சு விட்டேன். வத்தேகமையில் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, அங்கே திரும்ப வேண்டிய பஸ்ஸை நானா திருப்பவில்லை. பன்விலை தாண்டி, சேற்றில் பின்சக்கரம் சுழலச் சுழல, மடுல்கெல்ல வரைக்கும் ஏற்றினார்.

தங்கை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்து வாத்தியார் வீட்டில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பைக் கடித்திருந்தாள். பஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "அத்தான் கார் வந்திருச்சாக்கா?"

பஸ் வந்திருக்கிறது, வந்து ஏறு என்றேன்.

வெறுஞ்சாக்குகளை விரித்துப் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தோம். ஏற்றி வைக்கத் திரி இல்லாமல் செபமாலையை அவள் கையில் சுற்றிவிட்டேன். மடவளைக்கு வருவதற்குள் பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் ஓடியது. நான் பதறிப்போய் என் சேலையால் துடைக்கப் போனேன். நானா திரும்பிப் பார்க்கவே இல்லை. விடுங்க தங்கச்சி, தண்ணி ஊத்தினா போயிரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் யார் கைகாட்டியும் நிறுத்தாமல் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடந்தது. டாக்டர் கையை விட்டுத் திருப்பி எடுத்தார். பெண் பிள்ளை. கொஞ்ச நேரம் நீலமாக இருந்துவிட்டுப் பிறகு அழுதது. நான் சுவரில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதேன்.

இவர் சாயந்திரம் வந்தார், காரில். பெட்ரோல் கிடைத்திருக்கிறது, துடைக்கவும் நேரம் கிடைத்திருக்கிறது. மரத்தடியில் விட்டால் காகம் எச்சமிடும் என்று தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாராம். பிள்ளையை எட்டிப் பார்த்தார், சந்தோஷம் என்றார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அந்தக் கதவில் இருந்த திட்டு சுத்தமாகப் போய்விட்டது, வந்து பார் என்றார். நான் போகவில்லை.

தங்கை எழுந்து நடமாடுகிற வரைக்கும் பொறுத்து, மழையும் விட்டு ரோடு காய்ந்த பிறகு, என் வீட்டிலிருந்துதான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்தோம். அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். எந்த டப்பா கடைசியில் பலித்ததோ தெரியாது, அப்படி ஒரு பளபளப்பு. கண்ணாடிக்குப் பூ வேறு சுற்றியிருந்தார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை வெள்ளைத் துணியில் பிள்ளையை ஏந்திக்கொண்டு படி இறங்கிவந்தாள். அவள் என்னைப்போல் வாய்க்காரி இல்லை, அதிர்ந்து பேசத் தெரியாதவள். வண்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

"வேணாம் அத்தான். பிள்ளை கக்கிருச்சுன்னா உங்க காரு கெட்டுப்போயிரும். நாங்க பஸ்ஸுல போறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வண்டியின்மேல் உள்ள அக்கறையோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ரோட்டோரம் போய்க் கையைக் காட்டினாள். நானாவின் பஸ் வந்து நின்றது, கருவாட்டு வாடையோடு. அவள் ஏறினாள், அவள் புருஷன் ஏறினான், நான் ஏறினேன். இவர் கொஞ்ச நேரம் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, பிறகு தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். கோயில் வரைக்கும் பஸ் கிளப்பிய தூசியெல்லாம் அந்த மெழுகின்மேல் போய் விழுந்தது. நான் பின்சீட்டில் இருந்து முழுவதையும் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குப் பாவமாக இல்லை.