அம்மா பெரட்டில் சொன்ன சேதி

அம்மா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் கையால் உண்டவர்கள். அவரிடம் திட்டும் வாங்கியவர்கள். "அப்பா விஷயத்தை மட்டும் எழுதாதே" என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அதை விட்டுவிட்டால் அம்மாவைப் பற்றி எழுத எதுவும் மிஞ்சாது. ஆகவே மகள் என்ற முறையில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மலாயாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அம்மா பிறந்தார். தாத்தா சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. அதே காலத்தில் அம்மாவின் தம்பிகள் இருவரும் ரத்தபேதியில் மாண்டார்கள். அவர்களுடைய துணிகளை அலசியவர் அம்மாதான். காய்ச்சல் அடிக்கும், வயிறு முறுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சீதமும் ரத்தமும் கலந்து போகும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு ஒட்டும். அந்த நோயை அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

திருமணமாகி அண்ணனும் நானும் பிறந்த பிறகு வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று வீடுகளில் அரிசி வைக்கத் தடை. எல்லாருக்கும் பொதுச் சமையல்கட்டில் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். முதலில் சமைத்தவர் அரிசியை ஒளித்தார் என்று சொல்லி, ராணுவத்தினர் அவரை வாசலிலேயே, எல்லார் கண்முன்னும் துவைத்து எடுத்து, லாரியில் ஏற்றிப் போனார்கள். அந்த இடத்துக்குக் கங்காணி அப்பாவைப் போட்டார்.

சில மாதங்களில் அப்பாவுக்கு வயிறு கெட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கைலியைத் துவைக்க எடுத்தபோதுதான் அம்மா பார்த்தார்.

"இது சும்மா வயித்தால போறது இல்லீங்க. டிரெசர்கிட்ட காட்டுவோம். அதுவரைக்கும் சோத்துப் பானையத் தொடாதீங்க" என்றார். டிரெசர் என்பவர் தோட்டத்து மருத்துவ உதவியாளர். அவர் வீடு கம்பி வேலிக்கு வெளியே இருந்தது.

"வாய மூடு. நான் போவலன்னா ஏன்னு கேப்பானுங்க. பழைய ஆளு கதி என்னாச்சுன்னு பாத்தேல்ல?" என்றார் அப்பா. மறுநாளும் சமைக்கப் போனார்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையின் மகன் படுத்தான். எதிர்வரிசையில் இரண்டு வீடுகளில் பிள்ளைகள் படுத்தார்கள். அஞ்சலை அத்தையின் மகன் பிழைக்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள், "காட்டுக்காரனுங்க ஆள் வச்சு சோத்துல விஷத்தக் கலந்துட்டானுங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்ட அப்பா, சோறாக்கிய தன்மேல்தான் பழி விழும் என்று பயந்தார். அன்று மாலை அம்மா வாசலை நோக்கி நடந்ததும் எங்கே போகிறார் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார். அடுப்போரம் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தார். முதல் அடியில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. அடுத்தது தலையில். அண்ணன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அப்பா அழுதுகொண்டே அடித்தார். "என்னயத் தூக்குல ஏத்தப் பாக்குறியாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட, வெள்ளைக்காரத் துரையும் டிரெசரும் ஓரமாக நின்றார்கள். அப்பா ஏற்கெனவே சமையல்கட்டில் இருந்தார். அம்மா கையைத் துணியால் சுற்றி, அப்பாவின் கைலியைத் தகர வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கங்காணி மறித்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அம்மா விழுந்து எழுந்து சத்தமாகவே சொன்னார்.

"டிரெசர் ஐயா, இதப் பாருங்க. எங்க வூட்டுக்காரருக்கு ரத்தபேதி. அவருதான் எல்லாருக்கும் சோறாக்குறாரு. செத்த புள்ளைக்கும் இதே சீக்குதான். யாரும் விஷம் வைக்கல. அந்தச் சோத்த யாரும் திங்காதீங்க!"

டிரெசர் வாளிக்குள் பார்த்தார். துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல ஆபீசுக்கு விரைந்தார். அதற்குள் வரிசை கலைந்துவிட்டது.

"உம் புருசன் ஆக்குன சோத்தத் தின்னுதான்டி எம் புள்ள செத்தான்!" என்று கத்திய அஞ்சலை அத்தை ஒரு கல்லை எடுத்து வீசினார். அம்மாவின் முன்பற்கள் உடைந்தன. ஆண்கள் அப்பாவைச் சமையல்கட்டிலிருந்து தரதரவென்று இழுத்து வந்து மிதித்தார்கள். கம்பி வேலி வாசலில் நின்ற ராணுவத்தினர் ஓடிவந்து கூட்டத்தை விரட்டினார்கள். விஷம் என்ற பேச்சு அவர்கள் காதுக்கும் போயிருந்தது. கூட்டத்திடமிருந்து மீட்ட ஆளைத் துப்பாக்கிக் கட்டையால் அவர்களே அடிக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

அம்மா தவழ்ந்து போய் அப்பாவின் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். அடுத்த அடிகள் அவர் முதுகில் விழுந்தன. வாய் நிறைய ரத்தத்தோடு, "சீக்கு, தொரை! சீக்கு!" என்று ராணுவத்தினரைப் பார்த்துக் கத்தினார். டிரெசர் ஓடிவந்து, அந்த ஆளைத் தொட்டால் தொடுகிறவனுக்கும் நோய் ஒட்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கூவினார். அடித்தவர்கள் சட்டென்று பின்வாங்கித் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் உயிர் அப்படித்தான் தப்பியது.

அன்றே சமையல்கட்டை மூடினார்கள். சுகாதார ஆட்கள் வீடு வீடாக வந்து, வயிறு கெட்டவர்களைப் பிரித்து, ஆயுதக் காவலோடு லாரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும், கக்கூசுக்குப் போய்வந்தால் சவுக்காரம் போட்டுக் கை கழுவவும் சொல்லிக்கொடுத்தார்கள். மலத்தைச் சோதித்ததில் எல்லாருக்கும் ஒரே கிருமி என்று உறுதியானது. எதிர்வரிசையில் ஒரு பெண்குழந்தை இறந்தது. அதன் பிறகு எங்கள் லயத்தில் யாரும் சாகவில்லை.

அப்பா ஒரு காது செவிடாகத் திரும்பிவந்தார். அவரைக் களையெடுக்கும் வேலையில் போட்டார்கள். "காட்டிக் குடுத்தவ" என்று சொல்லிச் சொல்லி, சாகும்வரை அம்மாவை அடித்தார். அம்மா கோணலாகச் சேர்ந்த கையோடு கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தார். அஞ்சலை அத்தை ஒருநாள் ஒரு சட்டி கஞ்சியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை முழுவதும் குடித்தார்.

பிற்காலத்தில் கம்போங் ராஜா ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தபோது, யாராவது வயிறு சரியில்லை என்றால் போதும்; விருந்து நடுவிலும், "ரத்தம் போவுதா? வூட்ல வேற யாருக்காச்சும் இருக்கா? போய்ச் சொல்லு கிளினிக்ல" என்பார். சிரித்தவர்கள் உண்டு. போய்ச் சொன்னவர்களும் உண்டு.

படுக்கையில் கிடந்த மாதங்களில் முகம் சுளிக்காமல் அம்மாவைச் சுத்தம் செய்த அண்ணிக்கும், கேட்டபோதெல்லாம் வேனைக் கொடுத்த மளிகைக் கடை பாய்க்கும், வீட்டுக்கு வந்து பார்த்த தாதிக்கும், இறுதிச் சடங்குக்கு மழையில் வந்து நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் அம்மாவை ஏன் தனியாக அடக்கம் செய்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். சிலர் வருந்தினீர்கள். கடைசி வாரத்தில் அம்மா எங்கள் இருவரையும் அருகில் அழைத்துத் தெளிவாகச் சொன்னார்: "அந்தாளச் சாவாம காப்பாத்துனது நாந்தான். அதுக்காக அங்கயும் போயி பக்கத்துல படுக்கணுமா? வேணாம்லா."

அண்ணன் அழுதார். நாங்கள் சரி என்றோம்.