தோளில் மாட்டிய கிட்டார்

கிட்டாரில் ஒரு கம்பியைக்கூட மீட்டத் தெரியாத நான்தான் அன்று நாகர்கோவில் கடையில் அதிகம் பேசினேன்.

வாசிப்பவள் என் மனைவி ஷீபா. கருங்கல் பக்கத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஆறு வருடமாக இரவல் கிட்டாரை நின்றுகொண்டே வாசிக்கிறாள். சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போயிருந்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றின் நாதம் மீட்டிய பிறகும் நின்று ஒலித்தது. ஆனால் நல்ல கனம். மற்றது லேசானது, சத்தமும் கொஞ்சம் மெலிசு.

“இதுக்க சத்தம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா கனம் கூடுதலாக்கும்,” என்றாள்.

“ஏட்டி, கிட்டாருன்னா சத்தமில்லியா முக்கியம்? கனமெல்லாம் பழகிரும்,” என்று அதட்டினேன். அவள் லேசானதைக் கையில் எடுத்தாள்.

சர்ச்சில் வாசிக்கத்தான் என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்த கடைப் பெண் அந்தக் கனமான கிட்டாரை என் தோளில் மாட்டினாள். “அண்ணா, நீங்க வாசிக்காண்டாம். அக்கா மத்ததை வாசிச்சு முடிக்கது வரை சும்மா நில்லுங்க.”

ஷீபா நாலு பாட்டு வாசித்தாள். இரண்டாவது பாட்டிலேயே வார் என் கழுத்தோரம் அறுத்தது. மூன்றாவதில் என் கண் ஸ்டூலைத் தேடியது. ஞாயிறு மத்தியானங்களில் அவள் தன் தோளில் தைலம் தேய்த்துக்கொள்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“சர்ச்சில எவ்வளவு நேரம்க்கா நிக்கணும்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ரெண்டு மணிக்கூர்,” என்றாள் ஷீபா. என் தோளிலிருந்து கிட்டாரை அவளே மெல்லக் கழற்றினாள்.

லேசானதையே வாங்கினோம். சத்தத்தைப் பற்றி அவ்வளவு பேசினேனே, ஆறு வருடமும் அதை நான் பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன்.