ஞானத்தின் கன்னத்தில் போட்ட குழிகள்

எங்கள் சலவைக்கல் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. துரையின் கை பட்ட முகத்தை உதவியாளின் உளி தொடக்கூடாது. ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த காலத்தில் அதை ஒரு தடவைதான் மீறினேன். மீறச் சொன்னவரும் துரைதான்.

துரை எங்கள் முதலாளி, இத்தாலிக்காரர். கல்லறைகளுக்குப் புடைப்புச் சிற்பம் செய்வார். போட்டோவைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் பிடிப்பார். அதை நாங்கள் பிளாஸ்டரில் வார்ப்போம். பாயின்டிங் என்னும் அளவுச் சட்டகத்தின் ஊசியால் பிளாஸ்டரில் ஆழம் அளந்து, அதற்கேற்பக் கல்லில் குழி துளைப்பது என் வேலை. அரிசி கனத்துக்கு மேல்தோலை விட்டுவிடுவோம். அதை எடுத்து முகத்தை வழவழப்பாக்குவது துரை. பெயர் அவருக்கு, முதுகுவலி எங்களுக்கு.

கூலாய் பக்கத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சூசை, இறந்துபோன மனைவி ஞானத்துக்குக் கல்லறைக் கல் செய்யச் சொல்லியிருந்தார். அவர் பார்க்க வந்த அன்று கன்னம் முழுக்க நான் துளைத்த குழிகள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

“இன்னும் முடியலைங்க ஐயா. துரை தேய்ச்சா இதெல்லாம் போயிரும்.”

அவர் கட்டைவிரலை அந்தக் கன்னத்தில் வைத்தார். எடுக்க மனம் வரவில்லை.

“சின்னப் பிள்ளையில அவளுக்கு அம்மை போட்டுச்சு தம்பி. கன்னம் இப்படித்தான் இருக்கும். போட்டோக்காரன் அழகா இருக்கட்டும்னு எல்லாத்தையும் அழிச்சிட்டான். அந்த ஒரு போட்டோதான் இருக்கு. நீங்களும் அழிச்சிராதீங்க.”

துரையிடம் மலாய் மொழியில் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. குழி விழுந்த கன்னம் அவர் கணக்கில் முடிக்காமல் விட்ட வேலை. “பெலும் சியாப்,” இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்லி அரத்தை எடுத்தார். சம்பளம் கொடுப்பவரிடம் கோபித்து என்ன செய்ய?

முகம் முடிந்ததும் கிராணியை வரச் சொன்னோம். பளிங்கு பளபளத்தது.

“அழகா இருக்கு தொரை,” என்றார் கிராணி. கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினார். பிறகு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

துரை அந்தக் கை போன பையையே பார்த்தார். என் துளைக்கருவியை எடுத்து என்னிடம் நீட்டினார். குழி போடுவது உன் வேலைதானே, எங்கே என்று அவர் காட்டட்டும் என்றார்.

கிராணி கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தடவினார். “இங்க ஒண்ணு. இது கொஞ்சம் பெருசு. காதோரம் ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல.”

லேசாகத் துளைத்தேன். விழுந்த தூளைத் துரையே குனிந்து ஊதினார். அதுவும் உதவியாளின் வேலைதான்.

“போதும் தம்பி,” என்றார் கிராணி. “வந்துட்டா.”

பிற்பாடு நானே பட்டறை வைத்தேன். யார் போட்டோ கொண்டுவந்தாலும், இதில் இல்லாதது என்ன என்றுதான் முதலில் கேட்பேன்.