பவளம் அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வெற்றிடம்

நாவுலப் பேருந்துக்காக மாத்தளை நிலையத்தில் நின்றபோது, சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் பவளம் அக்காவின் பெயரைக் கண்டேன். யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தமக்கை என்பதெல்லாம் இருந்தது. ஆசிரியர் மறைந்தால் ஆசிரியர் என்றும், கங்காணி மறைந்தால் கங்காணி என்றும் பெயருக்குக் கீழே அச்சிடுவது நம் ஊர் வழக்கம். அக்காவின் பெயருக்குக் கீழே வெற்றிடம்.

அவரை அறிந்தவர்களே, அங்கே எந்தச் சொல் இருந்திருக்க வேண்டும் என்பதை நீங்களும் அறிவீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பின் இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்தவர் அவர். எழுபதுகளில், அவ்விடுதிப் பெண்களைப் பற்றிய ஆவணப்படத்தில் முகம் மறைக்காமல், தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் சொல்லிப் பேசினார். தணிக்கையாளர் அப்படத்தைத் தடுத்தனர்.

அத்தடையை வாழ்த்தி மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு மணிநேரம் முழங்கியவன் நான். தமிழ்ப் பெண்ணின் மானம் காக்கப்பட்டது என்றேன். கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெண் எதிரே வந்து நின்றார்.

“தம்பி, படத்தப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“நானும் இன்னும் பாக்கல. ஆனா அதுல ஆடுறது நான்தான். தொண்ட கட்டிப்போச்சு உங்களுக்கு. வாங்க, தேத்தண்ணி குடிப்போம்.”

அந்தத் தேநீரின் சூடு இன்றும் என் நாவில் இருக்கிறது.

பல்லாண்டுகளுக்குப் பின் தடை நீங்கி, மாத்தளை மண்டபமொன்றில் படம் திரையிடப்பட்டது. வர வேண்டாம் என்று அவருடைய தம்பி கெஞ்சினார். அக்கா முதல் வரிசையில் அமர்ந்தார், அருகில் நான். திரையில் இளம்பெண்ணாக அவர் சொன்னார்: “எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க, நான் ஆடுறேன். வேல முடிஞ்சா ரெண்டு பேருக்கும் கால்தான் நோகுது. இதுல என்ன வெக்கம்?” பின்வரிசையில் எவரோ சீட்டியடித்தனர். அக்கா திரும்பிப் பார்த்தார். “கொஞ்சம் சும்மா இருங்க. நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல.”

மண்டபம் அடங்கியது.

இழவு வீட்டில் அந்தத் தம்பி என் கையைப் பற்றினார். “அண்ணே, ரெண்டு வார்த்த பேசுங்க. அந்தப் படத்த மட்டும் சொல்லிடாதீங்க.”

அதிலிருந்தே தொடங்கினேன். தணிக்கையாளர் அவரை ஒருமுறை வெட்டியபோது நான் வாழ்த்தினேன். இரண்டாம் முறை வெட்ட என் நா இணங்காது.

திரும்பும் வழியில், நிலையத்துச் சுவரில் அவர் பெயருக்குக் கீழே ‘நடனக்காரர்’ என்று எழுதினேன். கிழித்தால் மறுபடியும் எழுதுவேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு கேள்வி. மேடையேறுமுன் ஒவ்வொரு முறையும் என்னையே அதைக் கேட்கிறேன். அவர் தொழிலைச் சொல்லக் கூசுவோரே, இன்று உங்களையும் கேட்கிறேன்: படத்தைப் பார்த்தீர்களா?