புகையில் காயவைத்த கடிதங்கள்

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், இறப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறையில் எனக்கு வேலை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாக இருக்கிறேன். போன மழையில் கூரை ஒழுகி, இந்தியாவுக்குப் போன அக்கா அந்தக் காலத்தில் எழுதிய கடிதங்கள் நனைந்துவிட்டன. வேலைப் பழக்கத்தில் அவற்றையும் புகையில் தொங்கவிட்டேன். மறுநாள் தாள்கள் பழுப்பேறிச் சுருண்டு, தொட்ட ஓரம் உதிர்ந்தது. நல்லவேளையாக எழுத்து மிஞ்சியிருந்தது.

பயந்துபோய் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, கொழும்பிலிருக்கும் மகனுக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் பேசாதவன் அன்றே கூப்பிட்டான்.

"நான் படிச்சது சிங்கள ஸ்கூல்லதானேம்மா, தமிழ் வாசிக்க வராது. பெரியம்மா என்ன எழுதியிருக்காங்க? நீங்களே வாசிங்க."

முதல் கடிதத்தை வாசித்தேன். கடைசிவரை கேட்டான்.

இப்போதெல்லாம் எந்தக் கடிதத்தையும் முழுதாக வாசிப்பதில்லை. பாதியில் நிறுத்திவிடுகிறேன். மீதியைக் கேட்க அவன் மறுபடி கூப்பிடுவான்.