மிளகாய் மண்டியில் மீட்டிங் ரூம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கட்டடத்தைத் திறந்துவைத்தேன். சிரிக்காதீர்கள். கூப்பிட்ட நடிகர் வரவில்லை, அடுத்துக் கூப்பிட்டவருக்குக் காய்ச்சல்... மூன்றாவதாகத்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது. பதினாலு பக்கப் பேச்சோடு கேரளத்துச் சித்தூரில் பஸ் ஏறி, பாலக்காட்டில் இறங்கினேன்.

கட்டடம், காசிம் ராவுத்தரின் பழைய மிளகாய் மண்டி. வெட்டுக்கல் சுவர், தேக்கு விட்டம், ஓட்டுக் கூரை. வியாபாரம் வேறு இடத்துக்குப் போனபின் பூட்டியே கிடந்தது. சுவரில் அரசமரம் முளைத்து, அதில் காக்காய் குடித்தனம் நடத்தியது.

இடித்துவிட்டு பார்க்கிங் போடுவதாக இருந்தார் ராவுத்தர். மகள் ஷமீமா குறுக்கே பாய்ந்தாள். ஆர்க்கிடெக்ட். கீழே டீக்கடையும் துணிக்கடையும், மாடியில் ஐடி ஆபீஸ் என்று பிளான் போட்டு, அத்தாவிடம் ஒரு வருஷம் கெஞ்சினாள்.

"சரி கண்ணு... தொறக்கற அன்னைக்கே மாடிக்கு ஆள் வந்து கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி மறுநாளே ஜேசிபிதான்!"

ஆள் வந்திருந்தார். கோயமுத்தூர் கம்பெனி ஒன்றின் மேனேஜர் நிர்மலா. மாடியின் நடு ஹாலில் விழா. ஒரு காலத்தில் வரமிளகாய் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்த அதே ஹால்.

"மிளகாய் நெடி இருக்குமோ?" என்று நான் கேட்கத்தான் கேட்டேன்.

"துளி இல்லீங்க அங்கிள். நானும் அத்தாவும் மூலை மூலையா மோந்து பார்த்துட்டோம்" என்றாள் ஷமீமா.

யார் மோந்து பார்த்தது? மூன்று தலைமுறையாக மிளகாய்த் தூசியிலேயே வளர்ந்த மூக்குகள்! அவற்றுக்கு நெடி தெரியுமா? இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ரிப்பன் வெட்டுவது பழைய ஸ்டைலாம். புது ஃபேனைப் போட்டுத் திறந்துவைக்கச் சொன்னார்கள். நான்தான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லையே... ரெகுலேட்டரை நேரே அஞ்சில் வைத்தேன்.

விட்டத்தின் மேல் யாரும் ஏறித் துடைக்கவில்லை என்பது இரண்டாவது விநாடியில் தெரிந்தது. செக்கச்செவேலென்று ஒரு மேகம் இறங்கியது. முதல் தும்மல் துணிக்கடைக்காரருடையது. அப்புறம் கணக்கே இல்லை. பிரியாணிக்காகவே வந்திருந்த ஒருவர் மேஜைக்கடியில் புகுந்துவிட்டார். நடுவே அத்தாவும் மகளும் மட்டும் ஊட்டிக்கு வந்தவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல சளி புடிச்சுப்போச்சா?" — ராவுத்தருக்கு நிஜமான கவலை.

"அங்கிள், பேச்சு!" ஷமீமா என்னை மைக்கிடம் தள்ளினாள்.

"வணக்கம். கட்டடம் நல்லா... ஹச்! இருக்கு. ஹச்! வாழ்க."

பதினாலு பக்கமும் முடிந்தது. கைதட்டிக்கொண்டே கூட்டம் படியிறங்கி ஓடியது.

வாசலில் நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷமீமாவின் முகத்தில் ரத்தமில்லை. ராவுத்தர் போனை எடுத்துவிட்டார், ஜேசிபிக்காரரைக் கூப்பிட. எல்லாம் என் ஒரு விரல் செய்த வேலை!

"மத்த ரூமெல்லாம் எப்படிங்க?" என்றார் நிர்மலா.

"அங்கெல்லாம் கொப்பரைதான் கெடந்துச்சுங்க மேடம். நடு ஹாலை நாளைக்கே கழுவிடறோம்!" என்றாள் ஷமீமா, அழாத குறையாக.

நிர்மலா மறுபடி மேலே போய், மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு தும்மல்கூட இல்லை.

"நடு ஹாலைக் கழுவவே வேண்டாமுங்க. அப்படியே உட்டுருங்க. அதுதான் எங்க மீட்டிங் ரூம்."

"மேடம்?"

"எங்க ஆபீஸ்ல பத்து மணி மீட்டிங் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியறதில்லைங்க. இந்த சார் பதினாலு பக்கத்தை ஒரே நிமிசத்துல முடிச்சாரே... கையெழுத்துப் போடற பேப்பர் எங்கீங்க?"

ராவுத்தர் போனைப் பையில் போட்டார். ஷமீமா அங்கேயே ஒரு குதி குதித்தாள்.

பழைய கட்டடம் கிடைத்தால் போதும், சுரண்டி, கழுவி, வெள்ளையடித்துத்தான் நமக்குப் பழக்கம். கொஞ்சம் பழசை அதன் போக்கில் விட்டுவைத்தால், அதுவே ஒரு வேலை தேடிக்கொள்ளும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே மனைவி எழுந்துபோய் ராவுத்தருக்கு போன் போட்டு, ஒரு மூட்டை வரமிளகாய் கேட்டாள்.

சமையலுக்கு இல்லையாம். எங்கள் வீட்டு ஹாலுக்காம்!