ஜெசிந்தாவின் பாதி

ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: நம் வகுப்பின் இடது மூலை மின்விசிறி, நீண்ட நாள் முனகலுக்குப் பிறகு, நேற்று முற்பகல் தன் கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்தது. அன்னாரின் பிரிவால் வியர்வையில் வாடும் குடும்பத்தார் அனைவரும் நாளை கைவிசிறியோடு வரவும்.

இதை நான் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நம் கவின்தான் போனில் அழைத்தான்.

"டேய், அத அழிச்சிடு. ஜெசி போயிட்டா."

"பெக்கோக் பெரியம்மா வீட்டுலேருந்து இப்பதானே வரணும்? மறுபடி எங்க போயிட்டா?"

அவன் அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜெசிந்தாவும் நானும் ஸ்கூடாயில் வரும் சனிக்கிழமை நடக்கும் அறிவியல் பேச்சுப் போட்டிக்கு ஒரே அணி. தலைப்பு அவள் பிடித்தது: மியூவான் ஹைட்ரஜன். சாதாரண ஹைட்ரஜனில் நடுவே ஒரு புரோட்டான், சுற்றிலும் ஓர் எலக்ட்ரான். எலக்ட்ரானுக்குப் பதிலாக அதைவிட இருநூறு மடங்கு கனமான மியூவான் என்ற துகளை வைத்தால், அது புரோட்டானை ஒட்டியே கிடக்கும். தூரத்து எலக்ட்ரானுக்குப் புரோட்டான் கிட்டத்தட்ட ஒரு புள்ளிதான். மியூவானோ சில சமயம் அதன் உள்ளேயே போய்வரும். உள்ளே இழுப்பு குறைவு. அதனால் ஆற்றல் மட்டம் துளி நகர்ந்துவிடும். அந்த நகர்வை லேசரால் அளந்தால் புரோட்டான் எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம்.

மாமாக் உணவுக்கடையில்தான் ஒத்திகை. ரொட்டி சானாய் என்கிற புரோட்டாவை உருண்டையாகப் பிசைந்து, "இதுதான் புரோட்டான்" என்றாள். புரோட்டாவுக்கும் புரோட்டானுக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம் என்று நான் அதைப் பருப்புக் குழம்பில் முக்கித் தின்றுவிட்டேன்.

"அலமாக்! அளந்துட்டாவது தின்னுடா எருமை!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலையே படாமல் இன்னொரு ரொட்டி சொன்னாள்.

மியூவான் சொன்ன அளவும் அதற்குமுன் எலக்ட்ரான் சொன்ன அளவும் ஒத்துவராமல் விஞ்ஞானிகள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஜெசி முதல் நாளிலிருந்தே மியூவான் கட்சி. "ஒட்டி நின்னவன் சொல்றதத்தான்டா நான் நம்புவேன்" என்பாள்.

ஒட்டி நின்றவன் நான். எனக்கு நீங்கள் எல்லாரும் என்ன சொன்னீர்கள்? பெக்கோக்கில் அவள் பெரியம்மா வீட்டில் வெள்ளம் ஏறிவிட்டது, கழுவிவிடப் போயிருக்கிறாள் என்றீர்கள். அவளை 'துடைப்ப ராணி' என்று கூப்பிட்டுச் செய்தி அனுப்பினேன். ஈரத்தரையைப் படம் எடுத்து அனுப்பினாள். நன்றாகத் துடை, மூலையில் அழுக்கு இருக்கிறது என்று எழுதினேன். அது ஆஸ்பத்திரி வார்டின் தரை. அவள் இதயம் பழுதானது உங்கள் எல்லாருக்கும் தெரியும். முறை வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னோடு சேர்ந்து அந்தத் துடைப்பப் பகடிக்குச் சிரித்தீர்கள்.

தேவாலய வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாப்பா. நீ ஒருத்தனாவது அவள எப்பவும் போல கிண்டல் பண்ணணுமாம்."

ஆன்ட்டி, அது ஒரு காரணமா என்று கேட்க வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். இன்னும் அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. ஜெசி, நீ செய்ததும் சரியில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கவின் பக்கத்தில் வந்து நின்றான். "அவ கேட்டா நாங்க என்ன பண்றது லா? வார்டுலகூட உங்க போட்டிப் பேச்சைத்தான் ஒத்திகை பார்த்தா. நான்தான் உக்காந்து கேப்பேன்."

"சனிக்கிழமை நான் தனியாவே பேசுவேன்" என்றேன். "அவ பாதியும் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். ஒருத்தனும் மேடைப்பக்கம் வராதீங்க." சத்தமாகத்தான் சொன்னேன். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது ஒரு கோபமும், மியூவான் கட்சியில் ஓர் இடமும். அவளுடைய பாதிப் பேச்சும் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இன்று மதியம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். என் பாதி வந்தது. என் பகடிகள் எல்லாம் வரிசை மாறாமல் வந்தன. அவள் பாதியில் "வணக்கம்" தாண்டி ஒரு வரி வரவில்லை. அவள் பேசும்போதெல்லாம் நான் அடுத்த பகடியைத் தயார் செய்துகொண்டிருந்தேன் போல.

கவின், மன்னிப்பு இன்னும் கிடையாது. ஆனால் சனிக்கிழமைக்குள் வந்து அவள் பாதியை எனக்குச் சொல்லிக்கொடு. முடிந்தால் நீயே மேடையேறி அதைப் பேசு.